காதுமெத்தை

சலூன் தவநேசன்தான் முதலில் கேட்டான்:
"அண்ணன், காதுக்குள்ள என்ன, புகைக்கரியா?"
துவாயில் தட்டிக் காட்டினான்.
கறுப்புப் பொருக்கு,
நெத்தலிச் செதிள் அளவில்.

தலையணையில் கிடந்ததும் அதுதான்,
சட்டைக் கழுத்தில்,
ஒருநாள் சோற்றுக் கோப்பையில்.

காத்தான்குடி மின்ஹாஜ் தோஹாவை விட்டு வந்தபோது
விற்ற சாமான்களில் ஒன்று:
பின்பக்கம் மூடின ஹெட்போன், மரக் கிண்ணம்.
"உள்ளுக்குப் போனது வெளிய வராது" என்று சொல்லித் தந்தான்.
நாற்பதாயிரம்.
கோகுலவாணியிடம் இருபது என்றேன்.

ஆறு வருஷம் அவனுடைய காது வியர்த்த மெத்தை.
இடப்பக்கம் கூடத் தட்டை,
அந்தப் பக்கம் சரிந்து படுக்கிறவன் போல.
அவன் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை,
அவன் தலையின் சாய்வு எனக்குத் தெரியும்.
அதற்கு மேல் நாலு வருஷம் நான்.

புதுசுக்குச் சொல்லி முப்பத்தொன்பது நாள்.
செம்மறித் தோல், அமுக்கினால்
யோசித்து யோசித்து எழும்புகிற நுரை.
தபால் கந்தோரில் அந்த அம்மணி பொதியை நசுக்கிப் பார்த்தாள்:
"என்ன தம்பி, பிள்ளைக்குத் தொப்பியா?"
"காதுக்கு."
"காதுக்கா?"
வரிசையில் நின்ற எல்லாரும்
என் காதைப் பார்த்தார்கள்.

கழற்றுவது லேசு.
மாட்டும்போது ஒரு ஓரத்தைத் தவாளிப்புக்குள் ஏற்றினால்
மற்ற ஓரம் கழன்று வரும்,
ஓடுகிற பிள்ளைக்குக் காற்சட்டை போடுகிற மாதிரி.
முடிந்துபோன பஸ் சீசன் கார்டால் நெம்பி,
ஃபேனை நிறுத்தி
(அந்த இரைச்சலில் எதையும் ஒப்பிட ஏலாது),
மூக்கு நுனியால் வியர்வை ஒழுகப்
பதினொன்றரைக்குப் பொருந்திற்று.

மறுகா தலையில் வைத்தேன்.

ஆரையம்பதி இல்லை.
நாய் இல்லை, நுளம்பு இல்லை,
கல்முனைப் பக்கம் போன கடைசி பஸ்
ஜன்னலில் வெளிச்சமாக மட்டும் போனது.
மிருதங்கத்தின் தொப்பி இவ்வளவு நாளும்
அட்டைப்பெட்டி;
இன்றைக்குத்தான் தோல்.

ஆனால் பாடுகிறவள்
இரண்டடி பின்னால் போய்விட்டாள்.
மெத்தை தடிப்பு. உள்ளே ஒரு நுரைவளையம் இருந்தது,
உருவினேன், ஒரு அடி முன்னுக்கு வந்தாள்.
மற்ற அடிக்கு அவளுக்கு மனமில்லை.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால்
தொப்பி இன்னும் இறங்கும்.
கழற்றினேன். அறை மங்க, ஒலி தெளிய,
மூன்று இரவு.

மூன்றாம் இரவு கோகுலவாணி முழித்திருந்தாள்.
"நித்திரை வரல்லியா?"
"ஒண்ணும் கேக்குதில்லையே."
"அதுக்குத்தானே வாங்கின."
"ஓம், உங்களுக்கு."

நாலு வருஷமாம்.
வெடித்த மெத்தையால் சிந்தினதை,
எறும்பின் குரலில், சொல் இல்லாமல்,
தாளக்கட்டையின் ஓசை மட்டுமாக வந்ததைச்
சுவர்ப்பக்கம் படுத்தபடி கேட்டிருக்கிறாள்.
எந்தப் பாட்டு என்று நடையை வைத்துப் பிடிப்பாளாம்.
நான் பாதியில் உறங்கிப்போன இரவுகளில்
மங்களம் வரைக்கும் இருந்தது
அவள்தான்.

"ஏன் சொல்லல்ல?"
"சொன்னா சத்தத்தக் குறைப்பீங்க."

தலையில் வைத்துவிட்டேன். வளையம் பெரிது,
கிண்ணம் தாடை வரை வழுகியது.
ஒரு நிமிஷம் பொறுத்தாள்.
"ஆரோ வந்து காதுக்க கத்துற மாதிரி" என்று
திருப்பித் தந்தாள்.
பழைய மெத்தை எங்கே என்றாள்.
செவ்வாய்க்கிழமை
பிரதேச சபை லொறியில் போயிருந்தது.

இருபது இல்லை, நாற்பது என்றேன்.
"தெரியும்" என்றாள்.

இப்போது பதினொன்றரைக்கு
சீசன் கார்டின் மூலையை
வலக்கிண்ணத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகுகிறேன்.
அவளுடைய பக்கம்.
தொப்பி அந்தக் கணமே அட்டைப்பெட்டி.
போர்வைக்கு வெளியே அவள் கால்விரல் ஒன்று
சமத்தில் விழுகிறது.

சுங்கத்தோடு பதினாலாயிரத்து முந்நூறு ரூபாய்,
அந்த இடுக்கால் போகிறது.