உரைகல்லில் ஒரு செம்புக்கோடு

குளச்சல் அடகுக்கடையில்
பதினோரு வருஷமாக உரசிப் பார்க்கிறவன் நான்.
கம்மல், தாலி, சிலுவை டாலர், பல்லில் கட்டின தங்கம்.
யாருடையது என்று கல்லுக்குத் தெரியாது.

நேற்று மத்தியானம்
கொட்டில்பாட்டு எமிலித்தா
முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒன்றை வைத்தாள்.
கரைமடியில் நெத்திலியோடு வந்ததாம்.
"பழைய சக்கரமாக்கும். பாத்துச் சொல்லும்."
மூன்றே முக்கால் கிராம்.
பச்சை பிடித்த செம்பு.

லென்ஸைக் கண்ணில் இடுக்கினேன்.
ஒரு பக்கம் ராஜா நிற்கிறார்,
திருப்பினால் உட்கார்ந்திருக்கிறார்.
ஈர்க்குச்சிக் கால், ஈர்க்குச்சிக் கை,
பக்கத்தில் வடவெழுத்தில் பேர்.
படை வந்த வழியில் வரி வந்திருக்கும்,
வரியின் பின்னால் இந்தப் பேரும்.
உப்புக்கும் கருவாட்டுக்கும் எண்ணி வாங்கியவர்களுக்கு
அது வெறும் நாலு கீறல்.

அப்புறம்தான் கண்டேன் ஐந்தாவது கீறலை.
அச்சில் விழுந்ததல்ல.
ராஜாவின் தோளில் உளி வைத்து
யாரோ வெட்டியிருக்கிறான்,
உள்ளே ஈயம் இருக்குமோ என்று.
என் தொழில்காரன்!
சந்தை நெரிசல், முன்னால் கூடையோடு ஒருத்தி,
முத்திரை கிடக்கட்டும், ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம் என்றிருப்பான்.
அவனைப் பற்றிக் கல்லில் யாரும் வெட்டவில்லை.
அவன் வெட்டியதுதான் இருக்கிறது.

இன்னும் கீழே, வயிற்றுக்கு நேராக ஒரு துளை.
தொப்புள் என்று நினைத்தேன்.
ஆணி இறக்கிய துளை,
கயிறு ஓடி ஓடி ஓரம் மழுங்கியது.
ஏதோ பிள்ளையின் அரைஞாணில் கோர்த்திருக்கிறார்கள்.
கடல் தாண்டிக் கப்பம் வாங்கியவர்
இடுப்பில் தொங்கி
மூத்திரத்தில் நனைந்து
மணலில் தவழ்ந்திருக்கிறார்.

சொன்னேன். எமிலித்தா
மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
பிறகு, "குழுத் தவணை ஆயிரத்து இருநூறு.
பாதியாவது தேறுமா?"

பெறாது என்றேன்.
சட்டப்படி தாலுகா ஆபீசில் ஒப்படைக்கணும் என்றும்
சொல்லிவைத்தேன்.
"அங்க உள்ளவிய தவணை கட்டுவாவளா?"

காதில் கிடந்ததைக் கழற்றினாள்.
உரசினேன், நிறுத்தேன், சீட்டு எழுதினேன்.
ராஜா மறுபடி முந்தானைக்குள்.

ஷட்டர் இழுக்கும் முன் கல்லைத் துடைக்கப் போனால்
கம்மலின் மஞ்சளுக்குப் பக்கத்தில்
ஒரு சிவப்புக் கோடு.
பார்த்ததுமே செம்பென்று தெரிந்தவன்,
இருந்தும் உரசியிருக்கிறேன்.
எப்போது என்று நினைவில்லை.
எண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.
இரண்டாம் துடைப்பில்தான் போயிற்று.