வேறு பெயரில்

குருநகர் ஐஸ் கொம்பனியின் கொம்பியூட்டர்
மூன்று நாளாய் என் மேசையில் மல்லாந்து கிடக்கிறது.
மதர்போட்டின் சொந்த வாயை
உப்புக்காற்று தின்றுவிட்டது.
ஒரு காட் வாங்கிச் செருகி
ஹாட் டிஸ்க்கை அதில் கொழுவினேன்.
விசிறி சுற்றுகிறது, டிஸ்க்கும் உறுமுகிறது,
திரையில் மட்டும்
பூட் செய்ய ஒன்றுமில்லை என்று வெள்ளை எழுத்து.

காட்டின் மஞ்சள் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன்.
அடுத்த துவாரம். அதற்கும் அடுத்தது.
வயரை மாற்றினேன்.
ஸ்ரான்லி வீதி முழுக்கக் கறண்ட் போனது;
வந்தபோது மறுபடி தொடக்கத்திலிருந்து.

கணக்கெழுதும் றெஜினா நேற்றும் வந்தாள்:
"படகுக்காரர் ஒருத்தரும் கடனெண்டு ஒத்துக்கொள்ளினமில்லை அண்ணை.
கொம்பியூட்டர் எழும்பட்டும், பாப்பம் எண்டு சிரிக்கினம்."
எழும்பக்கூடாதென்று
யாரோ அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கவும் கூடும்.

பிறகு, தற்செயலாகத்தான்,
பக்கத்துக் கடை மொனிட்டரை இரவல் வாங்கினேன்.
என்னுடையது கண்விழிக்க ஆறு செக்கன் எடுக்கும்.
இது உடனே விழித்தது,
அந்தக் கணத்தில்
நான் ஒருநாளும் காணாத நாலு வரி:
காட் தன் பெயரைச் சொல்கிறது,
தன்னிடம் ஒரு டிஸ்க் இருப்பதாய்ச் சொல்கிறது,
மறைகிறது.
மூன்று நாளும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

உள்ளே போய்ப் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன்.
ஹாட் டிஸ்க் என்ற தலைப்பில் தேடியது என் பிழை.
கடைசியில், பிளொப்பிக்கும் கீழே,
'ஸ்கசி' என்று ஒன்று.
இந்த மெஷினில் எந்தக் காலத்திலும் ஸ்கசி இருந்ததில்லை.
வெளியிலிருந்து வந்து செருகிக்கொண்டவை எல்லாவற்றுக்கும்
அது வைத்திருக்கும் பெயர் அது.

நிவாரணப் பட்டியல் ஒட்டிய பள்ளிக்கூடச் சுவரில்
அம்மா ஒரு பகல் முழுக்க எங்கள் ஊரின் கீழ் தேடினா.
'ஏனையோர்' என்பதன் கீழ் இருந்தோம்.
அதை விடுவம்.

மேலே ஏற்றினேன். சேமிக்கவா என்றது. ஆம்.
ஐஸ் கணக்கு எழும்பியது,
கட்டி கட்டியாய், பெயர் பெயராய்.
பற்றரி செத்ததால் திகதி மட்டும்
இரண்டாயிரத்து இரண்டு, சனவரி ஒன்று.
அதற்கு இன்னும் ஏ ஒன்பது பாதை திறக்கவில்லை.

போனில் றெஜினா கேட்டாள்:
"ஆற்றை பேர் அண்ணை முதல்ல நிக்குது?"
வாசித்தேன். அவளுடைய தமையன். நூற்றுப் பதினேழு கட்டி.
கொஞ்ச நேரம் குருநகர்க் காற்று மட்டும் கேட்டது.
"இண்டைக்கும் எழும்பேல்லை எண்டே இருக்கட்டும் அண்ணை."

சரி என்றேன்.
திரையில் நிற்கும் திகதியில்
அவன் கடன் வாங்கவே இல்லைத்தானே.
பற்றரியை நாளைக்குப் போடலாம்.