இரண்டு கிலோ நூற்றைம்பது

ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
மாதேஷின் தராசில் ஏற்றிப் பார்த்தோம் கூடாரத்தை.
இரண்டு கிலோ நூற்றைம்பது.
பெட்டியில் போட்டிருந்ததோ ஒன்று எண்ணூறு.
"முளைக்குச்சியைச் சேர்க்காம எழுதியிருக்கான்" என்றான்,
தினமும் கூடைக்குக் கழிவு போட்டுப் பழகியவன்.

மூன்று பேர் படுக்கலாம் என்பதும் அப்படித்தான்.
ஏலம் முடிந்த தரையில் நட்டுப் படுத்தோம்:
அன்வரின் முழங்கை என் விலாவில்,
தீர்த்தகிரியின் பாதம் ஜிப்புக்கு வெளியே.
நாலாவது ஆள் என்று
ஒரு தக்காளியை உள்ளே உருட்டிவிட்டார்
சுமை இறக்குபவர்.

இதைவிட எடை குறைந்தது இருக்கிறது.
விலை இரட்டிப்பு, துணி ஒற்றை.
மார்கழியில் நம் மூச்சே விடிகாலை
நம் முகத்தில் சொட்டும்.
வேண்டாம், இதுவே இருக்கட்டும்.

பிரித்துக்கொண்டோம்.
அன்வருக்குத் துணி, தீர்த்தகிரிக்குக் கம்பிகள்,
எனக்கு முளையும் கயிறும்.
எடை குறைந்துவிட்டது.
ஒருவன் வராவிட்டால் யாருக்கும் கூரையில்லை
என்பதை எந்தத் தராசும் காட்டவில்லை.

வத்தல்மலைக்குக் கிளம்பிய சனிக்கிழமை
அவனுக்கு ஓசூரில் இரட்டை ஷிப்ட்.
முதல் பஸ்ஸில்
கம்பிகள் மட்டும் வந்து இறங்கின,
கண்டக்டரின் அக்குளில், செய்தித்தாள் சுற்றி.

இரண்டு பேருக்குத் தாராளமான கூடாரம்.
ஆளுக்கொரு ஓரமாய்
துணியில் முதுகு நனைய
படுத்திருந்தோம்.