புறம்போக்கு என்றொரு பயனர்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
ஐம்பத்தெட்டு பெட்டி, எல்லாம் கரி.
எண்ணிக்கொண்டே நின்றபோதுதான் உறைத்தது,
ஒவ்வொரு கடிதத்துக்கும் சொந்தக்காரன் யாரென்று
அந்த அட்டவணை ஏன் இப்படி அடம்பிடிக்கிறது.

அது ஒரு மெயில் சர்வர். திறந்த மூலம்.
கடிதத்தைக் கோப்பாகப் போட்டுவைக்காது.
பிரித்து டேட்டாபேஸில் அடுக்கும்:
தலைப்பு ஓரிடம், உடல் ஓரிடம்,
யாருடையது என்பதற்கு ஒரு கட்டம்.
அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது.
அதற்குள்தான் நான்
செய்திக்குழுவை நுழைக்கப் பார்க்கிறேன்,
யாருக்கென்றும் எழுதப்படாததை.

"இன்னாத்துக்கு இந்தக் காலத்துல?"
காசிமேட்டில் இன்ஜினைக் கழற்றிப் பரப்பிவைத்து
அமலதாஸ் கேட்டான்.
பதிலும் அவன் கையில்தான் இருந்தது.
பத்து நாள் கடல். கொஞ்ச தூரத்திலேயே
போனில் டவர் செத்துவிடும்.
கிளம்புமுன் வார்ஃபில் நின்று
குழுவை மொத்தமாக இறக்கிக்கொண்டால்
ஆழத்தில் உட்கார்ந்து படிக்கலாம்,
எந்த போட்டின் கியர்பாக்ஸ் எப்படி முனகியது,
யார் என்ன மாற்றினார்கள் என்று.
பதிலை அங்கேயே எழுதிவைத்துக்
கரை தொட்டதும் அனுப்பலாம்.
"அப்ப ஐஸ்ல போட்டு எட்த்தார்ற மாரி" என்றான்.
அதேதான்.

எண்கள் தூங்கவிடவில்லை.
டேட்டாபேஸ் தரும் எண் ஒன்று,
குழுவுக்குள் வேறொன்று,
இரண்டு குழுவில் விழுந்தால் இன்னொன்று.
எங்கள் வீட்டுக் கதவைப்போல:
பழைய எண் 14, புதிய எண் 37,
கீழே யாரோ கரியால் கிறுக்கிய 9/2.
கொரியர்காரர் மூன்றையும் கேட்டுவிட்டு
"மாவு மில்லுக்கு எதிர்லதானே?" என்பார்.
கடிதத்துக்கும் அப்படியொரு மாவு மில் உண்டு,
கோண அடைப்புக்குள், உலகத்துக்கே ஒன்று.
அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு ராத்திரி, சோதனைக் கடிதம் 212 பாதியில் இருக்க
கரண்ட் போனது.
வந்தபின் பார்த்தால்
211, அப்புறம் 213.
கடிதம் திரும்பிப் போய்விட்டது,
எண் திரும்பி வரவில்லை.
விட்டுவிட்டேன். விதியும் அதுதான்:
ஒருமுறை கொடுத்த எண்ணை
இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

கட்டம் மட்டும் பாக்கி.
கேட் திறந்து, ஹாரன்களுக்கு நடுவே
தண்டவாளத்தைத் தாண்டும்போது வந்தது பெயர்.
வீட்டுக்குப் போய், செருப்போடு உட்கார்ந்து
ஒரு பயனரை உருவாக்கினேன்:
புறம்போக்கு.
எல்லாக் குழுவுக்கும் அவனே சொந்தக்காரன்.
கடவுச்சொல் கிடையாது. உள்ளே நுழைய மாட்டான்.

தாலினிலிருந்து மார்ஜு
ஒட்டுத்துண்டை வரிவரியாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்,
இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?
யார் பெயரிலும் பட்டா இல்லாத நிலம், எழுதினேன்.
அழித்தேன்.
எங்கள் தெருவில் பாதி வீடு நிற்கும் நிலம்.
அதையும் அழித்தேன்.
எங்கள் ஊரில் இது ஒரு திட்டு,
என்னையே பலமுறை திட்டியிருக்கிறார்கள்.
இதை மட்டும் அனுப்பினேன்.
"பொது" என்று மாற்றிவிடேன் என்றாள்.
மாற்றினேன்.
சோதனைக் கோப்பில் மட்டும் அவன் இன்னும் இருக்கிறான்,
ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும்
எங்கெங்கோ எந்திரங்களில்
ஒரு விநாடி பிறந்து, அழிகிறான்.

முதல் கடிதம் அமலதாஸுடையது.
"பம்ப் சீல் மாத்தியாச்சு, ஓடுது."
அவ்வளவுதான் தெரிந்தது எல்லோருக்கும்.
அட்டவணையைத் திறந்தேன், அங்கே முழுசாக இருந்தது.
யோசிப்பதற்காக அவன்
ஒரு வரியில் வெறும் புள்ளி வைத்திருக்கிறான்.
தனிப்புள்ளி என்றால் முடிந்தது என்று அர்த்தம்
இந்த நெறிமுறையில்.
எழுதியவர் வைத்த புள்ளிக்கு முன்னால்
இன்னொரு புள்ளி சேர்த்து அனுப்ப வேண்டும்.
நான் மறந்துவிட்டேன்.

புள்ளிக்குக் கீழே யாரும் படிக்காத இரண்டு வரி:
"செல்லப்பன்கிட்ட என் டார்க் ரென்ச்சு கீது.
மூணு மாசமா கீது. யாராச்சும் வாங்கிக் குடுங்க."

ஒரு வரி சேர்த்தேன். மறுபடி ஓட்டினேன்.
அன்று சாயங்காலமே
செல்லப்பன் போட்
கரைக்கு வந்து குழுவை இறக்கியிருக்கிறது.