புள்ளி

செக்கானூரணி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா கேட்டாள்,
என்னம்மா வேலை.
கத்திரி இலையில் மயிர் எண்ணுகிறேன் என்றேன்.
நாகமலை வரும்வரை
அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரோமம் என்று சொல்லேன், கௌரவமாக இருக்கும்
என்பார் மேடம்.
லென்ஸுக்கு அடியில் அது கௌரவம் கேட்பதில்லை.
குட்டைக் காம்பின் மேல் குத்திவைத்த நட்சத்திரம்,
எட்டுக் கால், சிலதற்கு ஏழு.
வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும்.
புழுவின் வாயை யோசிக்க வைக்கும்.
சதுர சென்டிமீட்டருக்கு நூற்று நாற்பது.
நடுவில் யாராவது சாப்பிட்டாச்சா என்றால்
மறுபடி ஒன்றிலிருந்து.

முந்தின வருஷம் பங்குனியில்
ஒன்பது நாள் தண்ணீர் லாரி வரவில்லை.
முதல் நாலு நாள், சோணைமுத்து மகளுக்குப்
பாண்டி கோவிலில் முடியிறக்கிக் காதுகுத்து.
மிச்சம் ஐந்து நாள் கிளட்ச்.
என்னிடம் ஒரு கேன், ஜெஸிந்தாவிடம் ஒரு கேன்.
தெற்கு வரிசைக்கு ஊற்றினோம்.
வடக்கு வரிசையைப் பார்க்காமல் நடக்கப் பழகினோம்.

பத்தாம் நாள் லாரி. கேபினில் ஒரு மொட்டைத் தலை,
அரிசி முனையளவு முடி எட்டிப் பார்க்க.
இறங்கி வந்து ஒரு வதங்கிய இலையைத் தடவி
அப்பா தாடி, என்றது.

வடக்கு வரிசை பிழைத்தது, காய்த்தது.
அதன் பிள்ளைகளுக்கு வேளை தவறாமல் நீர் வைத்தேன்.
ஒரு நாள் தாகம் தெரியாமல் வளர்ந்தவை அவை.
இலை விரிந்ததும் எண்ணினேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு.
கண் கெட்டுவிட்டதென்று ஜெஸிந்தாவை எண்ணச் சொன்னேன்.
இருநூற்றுப் பதினான்கு.

எழுத்து மாறியிருக்குமோ என்று தேடினோம்.
தாயிடம் இருந்த அதே வரி, ஒரு எழுத்து பிசகவில்லை.
மாறியிருந்தது புள்ளி.

க எழுதி மேலே புள்ளி வைத்தால்
எழுத்து அதே எழுத்துதான்.
உள்ளிருந்த அகரம் மட்டும் அடங்கிப்போகும்.
மெத்திலும் அப்படி;
ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்,
வரியின் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
முளைக்காதே, முளைக்காதே என்று
மயிரை அதட்டிக்கொண்டே இருந்த மரபணு ஒன்று.
அதன் தலையில் விழுந்திருக்கிறது.
அதட்டிய வாய் அடைத்தது.
இலை தாடி விட்டது.

ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்கமாட்டார்களாம்,
குத்தினால் ஏடு கிழியுமென்று.
எது க, எது க் என்பது படிக்கிறவர் பாடு.
என் பாடும் அதுதான்.
பைசல்ஃபைட்டில் ராத்திரி முழுக்க ஊறவைத்தால்
புள்ளியில்லாத சைட்டோசின் எல்லாம்
வேறு எழுத்தாகிவிடும்,
புள்ளி வைத்தது மட்டும் அசையாமல் நிற்கும்.
காலையில் ஜெஸிந்தா திரையைப் பார்த்தாள்,
பிறகு என் கையைக் கிள்ளினாள், வலித்தது.

பேத்திச் செடிகளில் நூற்று ஐம்பத்தொன்று.
புள்ளிகள் பாதிக்குமேல் காணோம்.
விதைக்குள் எந்தக் கை எந்த நேரத்தில் துடைத்ததோ.
வருத்தப்படாதே, இதுவும் ரிசல்ட்தான் என்றார் மேடம்.
வருத்தமா என்று எனக்கே தெரியவில்லை.
ஒன்பது நாளை எத்தனை தலைமுறைதான் சுமப்பது.

இருந்தாலும் நேற்று நாலாம் விதைப்பு முளைத்தது.
பாதியை நனைக்க வேண்டும், பாதியைக் காயப்போட வேண்டும்.
சோணைமுத்துவுக்குப் போன் போட்டேன்.
அண்ணே, அடுத்த வாரத்திலிருந்து
ஒன்பது நாள் நீங்க வர வேண்டாம்.

லாரியின் உறுமல் அந்தப் பக்கம் நின்றது.
ஏம்மா, எம்மேல யாரும் பிராது குடுத்துட்டாங்களா?
இல்லண்ணே, இது வேற.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை,
யாரோ காதில் கிசுகிசுப்பது கேட்டது.
பிறகு:
இலைக்குத் தாடி இருக்கா, எடுத்தாச்சான்னு
சடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கேக்குறா.
என்னம்மா சொல்ல?