கிழிவதற்கென்று ஒரு தையல்

கறுப்புப் பட்டையில் மஞ்சள் நூல்.
அழகுக்காக என்று நினைத்துக்கொள்கிறார்கள் வாங்குகிறவர்கள்.
தேய்ந்தால் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.
கறுப்பின்மேல் கறுப்பை ஓட்டினால்
அறுந்த இழையை
ஆள் தரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பார்ப்போம்.

குட்டாயிசியில், லாரி செய்வதை நிறுத்திவிட்ட தொழிற்சாலையின்
மூன்றாம் கூடத்தில் என் தையல் மேசை.
எதிரே கொக்கியில் தொங்குகிறவன் போந்தோ:
மணல் அடைத்த நூறு கிலோ.
தலை கிடையாது. புகாரும் கிடையாது.
வெள்ளிக்கிழமைதோறும் அவனை விழவைத்து
பட்டை எங்கே இழுத்ததென்று
சாக்பீஸால் கோடு போடுவோம்.

ஆனால் போந்தோவுக்குத் தொடை மரத்துப்போகாது.
அதற்கு நான் வேண்டும்.
ஹார்னஸை மாட்டிக்கொண்டு அசையாமல் தொங்குவேன்.
லாமாராவின் கையில் கடிகாரம்.
நான்காம் நிமிடம் கால்விரல்கள் என்னுடையவை அல்ல.
ஏழாம் நிமிடம் காதுக்குள் யாரோ சோளம் பொரிக்கிறார்கள்.
இறக்கு, என்றேன்.
இறக்கினாள், திட்டிக்கொண்டே.
ரத்தம் காலில் தேங்கிக் கிடக்க
இதயம் வெறுங்கையை முழம்போடுகிற நேரம் அது.
விழாமல் பிடித்த பட்டையே
மெல்ல ஆளை முடித்துவிடலாம்.
விற்பனைக் காகிதத்தில் இதற்கு இடமில்லை.

சென்ற மாதம் சியாத்துராவிலிருந்து சோத்னே வந்தான்.
கம்பிவடத்தில் நின்றுபோன பெட்டிகளிலிருந்து
ஆட்களை இறக்குகிறவன்.
"பக்கிள்தான் சிக்குகிறது. மாற்றிக் கொடு, போதும்."

பையைத் திறந்தேன்.
முதுகு வளையத்துக்குக் கீழே,
கிழிவதற்கென்றே நான் போடும் சிவப்புத் தையல்
கிழிந்திருந்தது.
உள்மடிப்பு பிரிந்து நாக்கை நீட்டியது.

யார் விழுந்தது?
யாரும் விழவில்லை.
நூலுக்கு அது தெரியாதே, சோத்னே.

லாமாரா வைத்த காப்பியில் ஆடை படிந்தது.

அப்புறம் சொன்னான்.
பெட்டிக்குள் ஒரு பெண், மாக்வாலா,
பள்ளிக்கூடச் சமையற்காரி.
மீட்புப் பை கீழேயே நின்றுவிட்டது.
பெட்டியின் தரை சாய்ந்துகொண்டே வந்தது.
தன்னுடையதைக் கழற்றி அவளுக்கு மாட்டினான்.
செய்யக்கூடாத வேலை.
இடுப்பில் ஒரு சுற்றுக் கயிற்றோடு அவன் நின்றான்.
பட்டைகளையெல்லாம் கடைசிவரை இழுத்தும்
இரண்டு கை நுழைகிற இடைவெளி.
சால்வையைச் சுருட்டி அடைத்தான்.
வாசல் விளிம்பில் அவள் கால் வழுக்கியது.
ஒன்றரை மீட்டர்.
தோள்பட்டை கழன்று, முழங்கையில் வந்து நின்றது.

நின்றது.
அந்த ஒரு சொல்லுக்கு அவன் வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

மறுநாளே நான் மாக்வாலாவைப் பார்க்கப் போனேன்.
வீட்டில்கூடச் சொல்லவில்லையாம்;
சொன்னால் எங்கே என்று கேட்பார்கள்.
கதவைத் தாழிட்டுவிட்டு எனக்குக் காட்டினாள்.
உள்தொடையில் மூன்று விரல் அகலத்துக்குக் கன்றல்,
ஓரங்களில் மஞ்சள் ஏறியது.
டேப்பை வைத்தேன்.
"குளிருகிறது" என்று சிரித்தாள்.
இருபத்தேழு வருடமாக நான் வெட்டுகிற அளவு
எங்கே தவறு என்று
அவள் தோலில் எழுதியிருந்தது.
என் உடம்பும் பெண்ணுடம்புதான்.
எண்பத்திரண்டு கிலோ.
அதனால் எனக்குத் தோன்றவேயில்லை.

விழுந்ததை வெட்டிவிட வேண்டும், அது விதி.
சோத்னே முன்னாலேயே வெட்டினேன்.
பக்கிளையாவது கொடேன் என்றான்.
தரவில்லை.

போந்தோவின் அடித்தையலைப் பிரித்து
மணலைக் கொட்டினோம்.
கூடம் முழுக்கப் புழுதி, லாமாரா தும்முகிறாள்.
தராசில் நாற்பத்தாறு வந்ததும் நிறுத்தினேன்.
தொளதொளவென்று கிடக்கிறான்.
இன்று வெள்ளிக்கிழமை.