இருபத்தேழு

ஊர்ப்பெயரிலேயே ஒரு செடி இருக்கிறது:
நீர்முள்ளிக்குட்டை.
நீர்முள்ளியும் இல்லை குட்டையும் இல்லை என்று
பஸ்ஸில் வந்திறங்கும் எவரும் சொல்லிவிடலாம்,
மூக்கைப் பொத்திக்கொண்டு.

குச்சிக்கிழங்கு அரைபடும் மாதங்களில்
சேகோ மில்லின் பின்பக்கமாய்
பால்போல ஒன்று போகும்.
பொழுது சாய்வதற்குள் புளிக்கும்.
மறுநாள் சாம்பல் நிறத்தில் ஏடு கட்டும்.
மூன்றாம் நாள் வாழப்பாடிக் கடைவீதியில்
பஜ்ஜி தின்பவன் பாதியில் நிறுத்துவான்.

பதினொரு வருடம் அந்த நீருக்கு
நான்தான் பாட்டில் பிடித்தேன்.
மாதம் ஒன்று. ஐஸ் பெட்டி.
ஒட்டிய சீட்டில் என் குண்டுக் கையெழுத்து:
‘வெளியேறும் கழிவுநீர்.’
உள்ளே இருந்தது போர்வெல் தண்ணீர்.
விரல்நுனியளவு மாவு கரைத்துவிடுவேன்,
ரொம்பச் சுத்தம் என்றால் சந்தேகம் வரும்.
நாலு, ஐந்து, ஒருமுறை மூன்றரை.
காகிதத்தில் எங்கள் சாக்கடை
கோயில் தீர்த்தம்.

பாக்குத்தோப்பு மஞ்சளாகிப்போன பச்சமுத்து
ஒருநாள் தன் கிணற்றுநீரைக் குடத்தில் மொண்டு
கலெக்டர் ஆபீஸ் படியில் வைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் பஸ் ஏறி வந்துவிட்டார்.
அதற்குப் பிறகுதான்
மூன்று குழி, ஆறு லோடு சரளை.

ஏரிக்கரையில் கிழங்கோடு பிடுங்கி
சம்பும் கோரையும் கொண்டுவந்தாள் தங்காயி.
பார்வைக்கு இருக்கட்டுமென்று
முதலாளி வீட்டிலிருந்து கல்வாழை.
எட்டாம் நாள் எல்லாம் கருகிவிட்டது.
சுண்ணாம்பு கரைத்து,
தொட்டியில் பத்து நாள் நீரை ஆறவிட்டு
மறுபடி நட்டாள்.
இரண்டாவது நடவுக்குக் கூலி
இன்னும் பாக்கி.

சம்புத் தண்டை ஒடித்துப் பார்த்தேன்.
அறை அறையாய்க் காற்று.
மேலே வெயிலில் நின்று இழுத்ததை
சேற்றுக்குள் வேர்வரை இறக்குகிறது.
வேரோரம் கசியும் அந்த மூச்சில்
கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் குடியிருந்து
எங்கள் மாவைத் தின்கிறது.
மூன்று ஷிப்டும் அதுவே.
மஸ்டர் ரோலில் பெயர் கிடையாது.

மார்கழியில் பாட்டிலோடு போனேன்.
கால் தானாகப் போர்வெல் பக்கம் திரும்பியது,
அதற்கு என்ன தெரியும்.
குழாயைத் திறந்தும்விட்டேன்.
கொஞ்ச நேரம் ஓடியது.
மூடினேன்.

கடைசிக் குழியின் மூலையில்
கடுங்காப்பியில் தண்ணீர் விட்ட நிறம்.
பாட்டிலுக்குள் ஒரு தலைப்பிரட்டை
வாலாட்டிக்கொண்டு வந்துவிட்டது.
ஊற்றிவிட்டு
இன்னொருமுறை பிடித்தேன்.

இருபத்தேழு என்று வந்தது.
முப்பது வரை போகலாம்.

சேலத்திலிருந்து போன்:
“என்னங்க, போன மாசம் நாலு,
இப்ப இருபத்தேழு?
செடி வச்சுக் கெடுத்துட்டீங்களா?”

ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன்.
பீரோவில் பதினொரு வருட நகல்
வரிசையாய், பஞ்ச் செய்து, நாடா கட்டி.
“ஆமாங்க,” என்றேன்.
வேறென்ன சொல்வது என்று
இன்றுவரை தெரியவில்லை.

தை பிறந்ததும் தங்காயி அரிவாளோடு இறங்கினாள்.
இப்படிச் செழித்ததை ஏன் வெட்டவேண்டும் என்றேன்.
“விட்டா வாடி விழும்.
தின்னதையெல்லாம்
இந்தத் தண்ணியிலயே கக்கிரும்.”
சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை,
அடுத்த பிடியைப் பற்றினாள்.

வேலிக்கு அந்தப்பக்கம் பச்சமுத்து.
இருபத்தேழை அவரிடம் சொன்னேன்.
அவர் நம்பவில்லை. நம்பத் தேவையுமில்லை.
கிணறு தெளிய எத்தனை வருடமாகும் என்பது
சம்புக்கும் தெரியாது.

மாட்டுக் கொட்டகைக் கூரைக்கு
ரெண்டு கட்டு ஆகுமா என்று கேட்டார்.

நானே தூக்கிக்கொண்டு போனேன்.
சட்டையெல்லாம் சேறு.
புளித்த வாடை
லேசாக இருக்கத்தான் செய்தது.